ஒரே பையில் இரண்டு காளான்கள்

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். முழங்கால் மட்டும் மழை வருவதை வானத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறது. உன் கண் எப்படி இருக்கிறது? புரை இன்னும் முற்றட்டும் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நலமா?

ஒரு விஷயம். போன வாரம் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். உன் துறைதான். வேறொரு கல்லூரியில் காளான்களை ஆராய்கிறாளாம். முப்பது வயது இருக்கும். செருப்பைக் கழற்றும்போதே, "டீச்சர், உங்க பொண்ணு பேர்ல ஒரு காளான் இருக்கில்ல, அதைத் தேடிட்டு வந்திருக்கேன்" என்றாள். யாரென்றே தெரியாதவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்று மழைக்காலமாக இந்தப் பக்கத்து வயல்களிலும் வாய்க்கால் கரையிலும் அலைந்திருக்கிறாள். சிட்டுவின் காளான் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம். "எனக்கும்தாம்மா கிடைக்கலை" என்றேன். இதை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. சிட்டு நம்மை விட்டுப் போன பிறகு ஒவ்வொரு மழைக்கும் ஒரு பையும் ஒரு கம்பும் எடுத்துக்கொண்டு நானும் போகிறேன். நீ அச்சிட்ட கட்டுரையில் இருக்கிற படத்தைப் பார்த்துப் பார்த்து அதன் தொப்பி, காம்பு எல்லாம் மனப்பாடம். வகுப்பில் ஒரு பிள்ளை வராவிட்டால் வாசலைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துவோம் அல்லவா, அப்படித்தான் பன்னிரண்டு வருஷமாக அந்தக் கரையைப் பார்க்கிறேன். கண் மூடுவதற்குள் ஒரே ஒரு தடவை, அது மண்ணில் நிற்கிற கோலத்தில் பார்த்துவிட வேண்டும். வேறு ஆசை எனக்கு எதுவும் இல்லை.

சிட்டு உன்னிடம் படித்துக்கொண்டிருந்தபோது பறித்த மூல மாதிரி உன் சேகரிப்பு அறையில் பொட்டலமாக இருக்கிறது, அதைத் திறந்து பார்த்தால் எங்கே தேடுவது என்று விளங்கும் என்கிறாள் அந்தப் பெண். மூன்று தடவை கேட்டும் நீ மறுத்துவிட்டாயாம். விதி ஏதாவது இருக்கும். இருந்தாலும் நம் சிட்டுவைத் தேடி வந்தவள். ஒரு தடவை காட்டிவிடேன்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். காலையும் மாலையும் தேய்த்துக்கொள்ளுங்கள். பழைய தைலத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், நீங்கள் எதையும் தூக்கிப் போட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவளை நான் அறிவேன். மூல மாதிரி என்பது ஒரு புது இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஆதாரமாக எடுத்து வைப்பது, ஒரு இனத்துக்கு ஒன்றுதான் இருக்கும், அக்கா. காய்ந்து அப்பளம் மாதிரி இருக்கிற பொருள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கொஞ்சம் உதிரும். கேட்டவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினால் கடைசியில் பெயர்ச் சீட்டு மட்டும்தான் மிஞ்சும். அது சிட்டுவின் பொருள் என்பதால்தான் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

நீங்கள் இந்த வயதில் வாய்க்கால் கரைக்குப் போவது தெரியாது. காளான்கள் எல்லா வருஷமும் வருவதில்லை. சில இனங்கள் ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை தலைகாட்டும். ஜாக்கிரதையாகப் போங்கள்.

ஒரு நல்ல செய்தி. டிசம்பரில் எனக்கு ஓய்வு. பணி நிறைவு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். அட்டைப் படம் எது என்று கேட்டார்கள். யோசிக்கவே இல்லை, சிட்டுவின் காளான் என்றேன். மேடையில் நீங்களும் உட்கார வேண்டும்.

தங்கள் அன்புத் தம்பி

ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

தைலம் வந்தது. நன்றாகச் சூடு பிடிக்கிறது. இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

அட்டைப் படச் செய்தியைப் பக்கத்து வீட்டாரிடமெல்லாம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் மறுபடியும் வந்து நின்றாள், கையில் இரண்டு டப்பாக்களோடு. ஒன்றில் வரப்பில் கிடந்த வைக்கோல்மேல் முளைத்த காளான். இன்னொன்றில் வாய்க்கால் தண்ணீரில் ஊறிக் கிடந்த கட்டைமேல் முளைத்தது. இரண்டும் இந்தப் பக்கத்தில் சாதாரணமாகக் கிடைப்பவை. என் பழைய பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பை மேசைமேல் எடுத்து வைக்கச் சொன்னாள். பார்த்தேன்.

சிட்டுவின் காளானுக்கு நீ வரைந்த தொப்பியும் காம்பும் வைக்கோல் காளானுடையவை மாதிரியே இருக்கின்றன. நீ வரைந்த வித்து மட்டும், அந்த முள் முளைத்த உருண்டை, கட்டைக் காளானுடையது மாதிரியே இருக்கிறது. வைக்கோல் காளானின் வித்து வழவழப்பாக இருக்கிறது.

அவள் சொல்ல வருவதை என் பாணியில் சொல்கிறேன், எடுத்துக்காட்டு இல்லாமல் எனக்கு எழுத வராது. மிளகாய் அரைத்த மிஷினில் அடுத்ததாகக் கோதுமை போட்டால் மாவு காரமாக இருக்கும். அதைத் தின்று பார்த்துவிட்டு, 'காரக் கோதுமை என்று ஒரு புது ஜாதி கண்டுபிடித்தேன்' என்று ஒருவர் எழுதினால் எப்படி? காளானின் அடியிலிருந்து வித்து மாவாக உதிர்ந்துகொண்டே இருக்கும் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு காளானை ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்தால் ஒன்றின் மாவு இன்னொன்றின்மேல் படியும். அப்படித்தான் சிட்டுவின் காளான் உண்டாகியிருக்குமோ என்பது அவளுடைய சந்தேகம். அப்படியென்றால், அப்படி ஒரு காளானே உலகத்தில் இல்லை.

நான் அவளைத் திட்டிவிட்டேன். "என் தம்பி முப்பத்தைந்து வருஷம் காளானோட குடித்தனம் நடத்தறவன். நீ நேத்து வந்தவ" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. டப்பாக்களை மூடி எடுத்துக்கொண்டு, "பொட்டலத்தைத் திறந்தா நான் தப்புன்னு ஒரே நிமிஷத்துல தெரிஞ்சுடும் டீச்சர். எனக்கும் அதுதான் வேணும்" என்றாள்.

தம்பி, அவள் வாயை அடைக்கவாவது அதைத் திறந்து பார்த்து எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அக்கா

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் தாமதமாகிவிட்டது. ஓய்வுக்கு முன் ஒப்படைக்க வேண்டிய வேலை தலைக்கு மேல் இருக்கிறது, கண்ணும் சரியில்லை. உங்கள் உடம்பு தேவலையா?

அந்தப் பெண் உங்கள் வீட்டுக்கு வருவது எனக்குப் பிடிக்கவில்லை. பெரியவர்கள் செய்து வைத்ததைக் கலைத்தால்தான் இந்தக் காலத்தில் பெயர் வாங்க முடியும். அதற்கு ஒரு தாயின் மனசைத்தான் கிளற வேண்டுமா? இனிமேல் வந்தால் உள்ளே விடாதீர்கள்.

நீங்கள் கேட்டதற்காக நானே பொட்டலத்தை எடுத்துத் திறந்து பார்த்தேன். உள்ளே இருப்பது ஒரே காளான்தான். சிட்டு பறித்த பிறகு என் கையைத் தவிர வேறு கை அதில் பட்டதில்லை. மனசை அலட்டிக்கொள்ளாதீர்கள்.

செப்டம்பர் 12 அன்று கண் அறுவை. சின்ன வேலைதான் என்கிறார்கள்.

தங்கள் அன்புத் தம்பி

ஆகஸ்ட் 28

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் கடிதம் வந்த பிறகு இன்னும் நலம். நீ திறந்து பார்த்துவிட்டாய் என்றால் அதற்கு மேல் என்ன இருக்கிறது. அன்று சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். வாய்க்கால் நிறைந்து ஓடுகிறது. வழுக்கி ஒரு தடவை உட்கார்ந்துவிட்டேன், அடி ஒன்றும் இல்லை, புடவைதான் சேறு. ஒன்றும் கிடைக்கவில்லை. இருக்கிறது என்று தெரிந்து தேடுவதற்கும் சந்தேகத்தோடு தேடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? கால் தானாக நடக்கிறது.

அந்தப் பெண்ணை நான் விரட்டவில்லை. உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். போகும்போது ஒன்று மட்டும் கேட்டாள்: "உள்ள ஒரு மடிப்பா, ரெண்டு மடிப்பான்னு சார்கிட்ட கேளுங்க டீச்சர்." எனக்குப் புரியவில்லை, அவளே விளக்கினாள். ஒரு பொட்டலத்தில் இரண்டு காளான் கலந்திருப்பது தெரிந்தால் எதையும் வெளியே எறியாமல், தனித்தனிக் காகிதத்தில் மடித்து அ, ஆ என்று குறித்து அதே பொட்டலத்துக்குள் வைப்பதுதான் உங்கள் வழக்கமாமே. ஒரே காளான் என்று நீ எழுதிவிட்டதால் ஒரு மடிப்பாகத்தான் இருக்கும். 'ஒன்று' என்று ஒரு வார்த்தை எழுதிப் போடு, அவளிடம் காட்டிவிடுகிறேன்.

அறுவையன்று நான் வருகிறேன். கண்ணில் கட்டோடு நீ கிடக்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் வேண்டாமா?

அன்புடன்,
அக்கா

செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் வர வேண்டாம். முழங்காலோடு இவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார முடியாது. இங்கே ஆள் இருக்கிறது, வீட்டில் இடமும் நெருக்கடி. எல்லாம் முடிந்ததும் எழுதுகிறேன். வாய்க்கால் பக்கம் தனியாகப் போகாதீர்கள்.

தம்பி

செப்டம்பர் 26

தம்பிக்கு,

கட்டு அவிழ்த்துவிட்டதாக உன் வீட்டுக்காரி எழுதியிருந்தாள். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே.

நீ வேண்டாம் என்று எழுதியும் நான் வந்தேன், ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் இருந்தேன். ஏன் வந்தேன் என்று நீ கேட்கவில்லை. நான் சொல்கிறேன். பரீட்சை அறையில் எந்தப் பையன் கையால் தாளை மறைக்கிறானோ அந்தப் பெஞ்சுக்குத்தான் டீச்சரின் கால் போகும். ஒரே ஒரு வார்த்தை கேட்டேன். நீ முழங்காலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் எழுதினாய்.

மறுநாள் பழம் வாங்கி வருகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனேனே, அப்போது உன் சேகரிப்பு அறைக்குப் போனேன். இரும்பு அலமாரிகள், அந்துருண்டை வாசனை, ஒரே ஒரு மேசை விளக்கு. உன் உதவியாளர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "சிட்டு பாப்பாவோட அம்மாதானே? அது நிக்கிற மாதிரியே நிக்கிறீங்க" என்றார். பொட்டலத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். "சார் சொன்னாரா?" என்று இழுத்தார். "சாருக்குக் கண்ணுல கட்டு. நான் பாக்கறேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு எடுத்து வந்து விளக்கடியில் வைத்துவிட்டு, "நான் டீ சாப்பிடப் போறேன். வர்றதுக்குள்ள பாத்துருங்க" என்று போய்விட்டார்.

இரண்டு மடிப்பு, தம்பி.

பழைய செய்தித்தாளில் மடித்த இரண்டு மடிப்பு. ஒன்றில் தொப்பியோடு காம்பு. இன்னொன்றில் கட்டைத் துண்டோடு ஒட்டின குட்டிக் காளான். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னத் தாள். பென்சில் எழுத்து. அந்த எழுத்தை நான்தான் கை பிடித்துப் பழக்கினேன். 'அ: வரப்பில், வைக்கோல்மேல். ஆ: வாய்க்காலில், ஊறிய கட்டைமேல். அ-வின் மேல் ஒட்டியிருப்பது ஆ-வின் வித்து. இரண்டும் வேறு. ஒரே பையில் போட்டது என் தவறு. மாமாவிடம் காட்டியாயிற்று.'

இதை அவள் எப்போது எழுதியிருக்க முடியும்? இரண்டு காளானையும் பறித்து வந்து உன்னிடம் கொடுத்தது முதல் தடவை. பிறகு நீ மறுபடியும் போய்த் தேடிவரச் சொல்லி அனுப்பினாய். அந்த இரண்டாவது தடவை வீட்டுக்கு வந்தவள் திரும்பி உன் ஊருக்கு வரவே இல்லை. ஆகவே நடுவில்தான் எழுதியிருக்கிறாள். அவள் உன்னிடம் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் நீ அவளை அனுப்பியிருக்கிறாய்.

அன்று மழையில் அவள் புறப்பட்டபோது, "இந்தத் தண்ணியில என்னடி தேடப்போற?" என்று கேட்டேன். "இல்லாததைத் தேடச் சொல்லியிருக்காரும்மா மாமா. இல்லைன்னு சொல்லணும்னா எல்லா இடத்துலயும் இல்லைன்னு காட்டணுமாம்" என்று சொல்லிச் சிரித்தாள். மாமாவும் மருமகளும் ஏதோ கேலி பேசிக்கொள்கிறீர்கள் என்று நானும் சிரித்தேன். தினமும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். காலில் கட்டை கீறியது. அந்தக் கீறல் வழியாகத்தான் வாய்க்கால் தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் ஏறியது என்று டாக்டர் சொன்னார். மஞ்சளாகக் கிடந்தாள். மீதி உனக்குத் தெரியும், நீதான் முன்னால் நின்று எல்லாம் செய்தாய்.

நான் தாளை இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன். பழம் வாங்கிக்கொண்டு உன்னிடம் வந்தேன். உரித்து ஊட்டினேன். கட்டைப் பிரித்து உன் கண்ணில் மருந்து விட்டேன், ஒரு சொட்டுகூடத் தவறி விழவில்லை. கண்ணில் கட்டோடு கிடப்பவனிடம் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். இப்போது கேட்கிறேன். அந்தக் காளான் இல்லை என்று தெரிந்துதான் அவளைத் தண்ணீரில் இறக்கினாயா?

அக்கா

நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. சின்ன எழுத்தைக்கூடக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன். அங்கே மழை அதிகம் என்று கேள்விப்பட்டேன். வீட்டில் ஒழுகுகிறதா? ஓடு மாற்ற ஆள் வேண்டுமானால் எழுதுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு ஆம், இல்லை என்று எழுதிவிடுவது சுலபம். ஆராய்ச்சி அப்படி இல்லை, அக்கா. சிட்டு கெட்டிக்காரி, ஆனால் அவசரக்காரி. ஒரு மாணவி ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னதை உடனே ஏற்றுக்கொள்ள முடியாது. உறுதி செய்ய வேண்டும். எந்த ஆசிரியரும் அதைத்தான் சொல்வார். நீங்களும் ஆசிரியர்.

பிறகு அவள் போய்விட்டாள். என்னிடம் இருந்தது அந்த ஒரு பொட்டலம்தான். என்னால் அவளுக்குச் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று, அவள் பெயர் அழியாமல் ஒரு உயிருக்கு வைப்பது. அதைச் செய்தேன். உலகத்தில் எந்த நூலகத்தில் தேடினாலும் அவள் பெயர் வரும். நான் அதை வைக்காமல் இருந்திருந்தால் உங்களையும் என்னையும் தவிர இன்று அவளை யாருக்குத் தெரியும்?

அந்தப் பெண் எழுதினால் அது தள்ளுபடியான பெயர் என்று ஆகிவிடும். பெற்ற தாயே மகள் பெயரை அழிக்கச் சொல்லலாமா? டிசம்பர் போகட்டும். மலர் அச்சாகிக்கொண்டிருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு நிதானமாக உட்கார்ந்து பேசுவோம்.

தங்கள் தம்பி

நவம்பர் 20

தம்பிக்கு,

வீடு ஒழுகவில்லை.

நான் கேட்ட கேள்விக்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. வினாத்தாளில் தெரியாத கேள்வியை விட்டுவிட்டு, தெரிந்ததை இரண்டு பக்கம் எழுதிக் கொடுப்பவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வெற்றிடத்துக்கும் சேர்த்துத்தான் மதிப்பெண் போடுவேன்.

பெயரைப் பற்றிப் பேசுகிறாய். ஒரு வாத்தியார் கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போடுகிறார். ஒரு பிள்ளை எழுந்து, "சார், அது தப்பு. நான் கொடுத்த எண்ணே தப்பு" என்கிறது. நல்ல வாத்தியார் அழித்துவிட்டுத் திரும்பப் போடுவார். கெட்ட வாத்தியார் "உக்காரு" என்பார். நீ என்ன செய்தாய்? கணக்கை அப்படியே விட்டுவிட்டு, அதன் தலையில் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதினாய். அவள் கண்டுபிடித்த தப்புக்கு அவள் பெயரையே வைத்தாய். அந்த வருஷம்தான் உன்னைச் சேகரிப்பு அறைக்குத் தலைவர் ஆக்கினார்கள். நான் இங்கே எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தேன்.

அவள் பெயர் அழியட்டும் என்று நான் கேட்கவில்லை. அது சரியான இடத்தில் இருக்கட்டும் என்கிறேன். 'இப்படி ஒரு காளான் இல்லை, இதை முதலில் கண்டது இதைப் பறித்த மாணவியே' என்று எழுது. இரண்டு வரி. உன் மலரிலேயே எழுது.

இன்னொன்று. நான் ஒவ்வொரு மழைக்கும் கரைக்குப் போவது இத்தனை வருஷம் உனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஜூனில் நானே எழுதினேன். அன்றைக்காவது, 'அக்கா, போகாதீர்கள், அங்கே ஒன்றும் இல்லை' என்று எழுதியிருக்கலாம். ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை தலைகாட்டும் என்று எழுதினாய். ஆகஸ்டில் ஒரே காளான்தான் என்று எழுதினாய். அதை நம்பிக்கொண்டு மறுபடியும் போனேன், வழுக்கி விழுந்தேன், எழுந்து வந்து உனக்குச் சந்தோஷமாகக் கடிதம் எழுதினேன். மகளை அனுப்பினபோது உனக்குப் பதவி ஆசை, ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். தாயை அனுப்பினபோது உனக்கு என்ன குறை?

அக்கா

டிசம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். விழா 18-ஆம் தேதி. அழைப்பிதழ் இத்துடன் இருக்கிறது. முதல் வரிசையில் உங்களுக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். வண்டி அனுப்பட்டுமா?

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். என் வீட்டில் யாரும் இப்போது என்னோடு சரியாகப் பேசுவதில்லை, என் மனைவியும் அதைப் படித்துவிட்டாள்.

இதற்குள் ஒரு சின்ன உறை இருக்கும். சிட்டு எழுதிய அந்தத் தாள். யோசித்துப் பார்த்தேன், அலமாரி இருட்டில் கிடப்பதைவிட அது தாயிடம் இருப்பதுதான் நியாயம். அவளுடைய கையெழுத்து உங்களிடம் அதிகம் இல்லை என்று எப்போதோ சொன்னீர்கள். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடமிருந்து நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. நமக்குள் இது போதும் என்று நினைக்கிறேன்.

தங்கள் தம்பி

டிசம்பர் 9

தம்பிக்கு,

அழைப்பிதழும் உறையும் வந்தன. விழாவுக்கு நான் வரவில்லை.

உறையைப் பிரித்ததும் நீ நினைத்த மாதிரியேதான் ஆனது. இரண்டு நாள் வேறு வேலை பார்க்கவில்லை. 'று' எழுதும்போது கீழே ஒரு சுழி கூடுதலாகப் போடுவாள், எத்தனை தடவை அடித்துத் திருத்தினாலும் போடுவாள். அது இருக்கிறது. 'தவறு' என்ற சொல்லில் அழுத்தி எழுதியிருக்கிறாள், தடவினால் விரலில் தெரிகிறது. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இதை எனக்குத் தர வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே என்று உன்மேல் ஒரு நிமிஷம் பாசம்கூட வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் காலையில் அந்தப் பெண் வந்தாள். தாளைக் காட்டினேன். படித்தாள். அழுதாள். பிறகு, "இது இப்ப பொட்டலத்துல இல்லையா டீச்சர்?" என்றாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உள்ளே இருந்தவரை அது சாட்சி. வெளியே வந்தால் ஒரு தாயின் வீட்டில் இருக்கிற ஒரு துண்டுத் தாள், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஒரு தாளையும் வெளியே எறியக் கூடாது என்கிற உங்கள் வழக்கத்தைப் பன்னிரண்டு வருஷம் காப்பாற்றினாய், தம்பி. இப்போது எறிந்திருக்கிறாய். எறிவதற்குப் பொருத்தமான இடம் என் மடிதான் என்று கண்டுபிடித்திருக்கிறாய்.

நேற்று அதைப் பதிவுத் தபாலில் உங்கள் கல்லூரி முதல்வருக்கு அனுப்பிவிட்டேன். எந்தப் பொட்டலத்தில் எந்த இடத்தில் இருந்தது, நான் எப்போது பார்த்தேன், எப்படி என் கைக்கு வந்தது எல்லாம் எழுதி, உன் டிசம்பர் 2 கடிதத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன். நகல் அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. அவள் கட்டுரை எழுதுவாள். சேகரிப்பு அறைக்கு 18 வரை தலைவர் நீதானே, ஆகவே அந்தத் தாள் சுற்றிக்கொண்டு உன் மேசைக்குத்தான் வரும். அதை உள்ளே வைத்து மூடச் சொல்லி உன்னிடமே கொடுப்பார்கள்.

தபாலாபீசில் உறையை ஒட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை நின்றது. ஒருவர், "அம்மா, குடுக்கறீங்களா இல்லையா?" என்றார். கொடுத்துவிட்டேன். என் மகள் எழுதியதுதான், ஆனால் எனக்கு எழுதியது இல்லை. அந்தப் பொட்டலத்தை என்றைக்கு யார் திறப்பார்களோ, அவர்களுக்கு எழுதியது.

அக்கா